மறுநடவு செய்தால் காடு வந்துவிடுமா?



பங்கோர் தீவு நம்மில் பலருக்குத் தெரிந்த இடம். மாசி மகத்திற்குக் கடற்கரைக் காளியம்மன் கோயிலுக்குப் போயிருப்போம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு லுமுட்டில் படகேறிப் போய்க் கடலில் குளித்திருப்போம். திரும்பும்போது நெத்திலிக் கருவாடு வாங்கி வந்திருப்போம். கோயிலும் கடலும் கருவாடும் நம் நினைவில் இருக்கும். தீவின் நடுவே எழுந்து நிற்கும் அந்தக் குன்றுக் காடு நினைவில் இருக்கிறதா? எனக்கு இருந்ததில்லை. படத்துக்குப் பின்னணியாகப் பச்சையாய் ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

அண்மையில் எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கடலோரக் காடுகளைப் பற்றிப் பேசினோம். நிகழ்ச்சி முடிய இரண்டே நிமிடம் இருந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, நான் முப்பது வருஷம் தோட்டத்துல பால் வெட்டினவன். மரத்துக்கு வயசாயிட்டா சாய்ச்சுட்டு மறுநடவு செய்வாங்க. ஆறேழு வருஷத்துல மறுபடியும் பால் எடுப்போம். காட்டை மட்டும் ஏன் அப்படி நட முடியாது? மரம்னா மரம்தானே?"

அரங்கில் கைத்தட்டல். நான் சிரித்துக்கொண்டே, "காடு வேறு, தோட்டம் வேறு ஐயா" என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டேன். ஆனால் அது பதில் அல்ல என்பது எனக்கே தெரிந்தது. உழைத்து அறிந்த ஒருவர் நியாயமாகக் கேட்ட கேள்வி அது. நான் படித்தது தொடர்பியல் துறை டிப்ளோமா, தாவரவியல் அல்ல. ஆகவே அதன் பிறகு தேடிப் படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை அந்த ஐயாவுக்கும் உங்களுக்கும் இங்கே பதிலாகத் தருகிறேன்.

முன்வரிசையில் எல்லாரும் உறவு

நாம் பேசும் காட்டுக்கு, என்றும் பசுமையான அகன்ற இலைக் காடு என்று பெயர். பைன் மரத்தைப் போல ஊசி இலை இல்லை; தேக்கைப் போல ஒரு பருவத்தில் மொத்தமாக இலை உதிர்ப்பதும் இல்லை. ஆண்டு முழுவதும் பச்சைதான். இத்தகைய காடு நம் நாட்டுக் கடலோரத்திலும் இருக்கிறது. தமிழகத்தின் சோழமண்டலக் கரையிலும் இருக்கிறது. பனி பெய்யும் ஜப்பானின் கரையிலும் இருக்கிறது.

கடலை ஒட்டிய முதல் வரிசையைப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று உறவு போலவே தெரியும். நாம் பெனாகா லாவுட் என்று சொல்லும் மரம் வேறு யாருமல்ல, நம் புன்னைதான். சங்க காலத்திலேயே நெய்தல் நிலத்தின் மரமாகப் புலவர்கள் பாடிய அதே புன்னை. பினாங்கின் ஜார்ஜ் டவுன் இருக்கும் முனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. அதாவது புன்னை முனை. அதே புன்னை ஜப்பானின் தென்கோடியான ஒக்கினாவா தீவுகளிலும் வளர்கிறது. எப்படி? அதன் காய் கடலில் மிதக்கும். அலை கொண்டுபோய்ச் சேர்த்த கரையில் முளைக்கும். நம் கடற்கரைகளில் நிழல் தரும் கெத்தாப்பாங் மரத்தின் காயும் இப்படித்தான் பயணம் செய்கிறது.

முதல் வரிசையைக் கடந்து குன்றின் மேல் ஏறத் தொடங்கினால் கதை மாறிவிடும். அங்கே விதையைக் கொண்டுவரக் கடல் இல்லை. எந்த மரம் நிற்கும், எத்தனை வகை நிற்கும் என்பதை மழையும் குளிரும் மண்ணும் காலமும்தான் முடிவு செய்கின்றன. மூன்று கரைகளிலும் ஏறிப் பார்ப்போம்.

முதல் கரை: காய்ந்து தாங்கும் காடு

புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு பல மாதம் வெயில். இவ்வளவு நீண்ட வறட்சியில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு ஒடுங்குவதுதான் வழக்கம். இந்தக் கரையின் காடோ பச்சையாகவே நிற்கிறது. அதனால்தான் இதை வறண்ட பசுமைக்காடு என்று தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

வீரை, காயா, இரும்பிலி, பாலை ஆகியவை இதன் மரங்கள். யாழ்ப்பாணத்து உறவினர் உள்ளவர்கள் பாலைப்பழத்தை அறிந்திருப்பார்கள், அந்தப் பாலைதான். இலைகள் சிறியவை, தோல் போலத் தடித்தவை. நீர் எளிதில் ஆவியாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. மரங்கள் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயர்வது குறைவு. இந்தப் பரீட்சையில் தேறும் மரங்கள் சிலவே. ஆகவே ஒரு ஹெக்டேர் காட்டில் எண்ணினால் சில பத்து வகை மரங்களே தேறும்.

இரண்டாவது கரை: குளிரைத் தாங்கும் காடு

ஜப்பானில் மழைக்குக் குறைவில்லை. அங்கே பரீட்சை வைப்பது குளிர். ஆனால் குரோஷியோ என்னும் வெந்நீரோட்டம் தெற்கிலிருந்து வந்து கரையை அணைத்துச் செல்வதால் கடலோரத்தில் குளிர் சற்றுத் தணிகிறது. அதனால் உள்நாட்டில் இலையுதிர் காடுகள் இருக்கும் அதே அட்சக்கோட்டில், கடலோரத்தில் பசுமைக் காடு வடக்கே நீண்டுகொண்டே போகிறது. ஜப்பானியக் கமேலியா மரம் ஹொன்ஷு தீவின் வடகோடியான அவோமோரி வரை இயற்கையாக வளர்கிறது.

இந்தக் காட்டின் இலைகள் மெழுகு பூசியது போல மின்னும். அதனாலேயே ஜப்பானியர் இதை ஒளிரும் இலைக் காடு என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். தாபுனோக்கி என்ற மரம் நம் பட்டை மரத்தின் குடும்பம். சுடாஜி என்ற மரம் நம் ஊர் பெராங்கானின் நெருங்கிய உறவு. உப்புக்காற்று நேராக மோதும் பாறைகளில் உபாமெகாஷி என்ற குட்டையான கருவாலி நிற்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது இந்தக் காடு தெற்குக் கரையின் சில மூலைகளுக்கு ஒதுங்கியிருந்தது; குளிர் விட்ட பிறகே வடக்கே ஏறியது. அந்தப் பயணத்தையும் குளிரையும் தாங்கிய வகைகளே இன்று அங்கே இருக்கின்றன.

மூன்றாவது கரை: நம் காடு

இனி நம் பங்கோருக்கு வருவோம். நம் நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சித்தியவான், லுமுட் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் மாதக்கணக்கில் மழையே இல்லாத காலம் கிடையாது; உறைபனியும் கிடையாது. பனியுகத்தில்கூட இங்கே மரங்களை உறைய வைக்கும் குளிர் வரவில்லை. கடல்மட்டம் அப்போது 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்ததால் மலாக்கா நீரிணையே நிலமாக இருந்தது. பங்கோர் அன்று தீவு அல்ல, ஒரு குன்று.

இந்தக் கடலோரக் குன்றுகளின் அரசன் செராயா மரம். நம் வீட்டுக் கதவுக்கும் சன்னலுக்கும் வாங்கும் மெராந்திப் பலகையின் குடும்பம் இது. உள்நாட்டில் 300 மீட்டருக்கு மேற்பட்ட மலைமுகடுகளில் வளரும் செராயா, கடலோரத்தில் கடல்மட்டத்துக்குப் பக்கம் வரை இறங்கி வருகிறது. படகில் போகும்போது முகட்டைக் கவனியுங்கள். மற்ற மரங்களின் பச்சைக்கு நடுவே சாம்பல் பூத்த தலைகள் தெரிந்தால் அவை செராயா.

செராயாவின் உறவில் இன்னொரு மரம், பாலாவ் இனத்தைச் சேர்ந்தது. அதன் தாவரவியல் பெயர் ஷோரியா லுமுட்டென்சிஸ். பெயரிலேயே லுமுட் இருக்கிறது. லுமுட், பங்கோர், செகாரி வட்டாரத்துக் கடலோரக் காடுகள் தவிர உலகில் வேறு எங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் அது இருக்கிறது. நாம் படம் பிடித்துக்கொள்ளும் பின்னணியில் உலகத்துக்கே ஒன்றான ஒரு மரம் நிற்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வகைகளின் எண்ணிக்கைக்கு சரவாக்கைப் பார்க்கலாம். மிரி நகருக்கு அருகே, தென்சீனக் கடலிலிருந்து அதிகத் தூரமில்லாத லம்பிர் குன்றுகளில், 52 ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரமாக எண்ணிக் குறித்திருக்கிறார்கள். சுமார் எழுபது காற்பந்துத் திடல் அளவு இடம். அதில் ஏறத்தாழ 1,175 வகை மரங்கள்! ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா ஆகிய மூன்று கண்டங்களின் மிதவெப்பக் காடுகளில் உள்ள மர வகைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான் வரும்.

பால்மரம் சொல்லும் பாடம்

வெப்பமும் மழையும் இருந்தால் ஏதாவது ஒரு மரம் நன்றாகப் பெருகி மற்றவற்றை விரட்டிவிடலாமே? ஏன் ஆயிரம் வகை சேர்ந்து வாழ்கின்றன?

இதற்கு டேனியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கானல் 1971இலும் தனித்தனியே ஒரு விளக்கம் தந்தார்கள். குளிரோ நீண்ட வறட்சியோ இல்லாத இடத்தில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஓய்வே இல்லை. ஒவ்வொரு மர வகைக்கும் அதையே தேடித் தின்னும் எதிரிகள் உண்டு. தாய்மரத்தின் அடியில் குவிந்து முளைக்கும் கன்றுகளை அவை முதலில் அழிக்கும். தள்ளிப் போய் விழுந்த விதை தப்பிக்கும். தாய்மரத்தின் அடியில் வேறு வகை மரம் இடம் பிடிக்கும். இப்படியே ஒரே வகை ஓரிடத்தில் கூட்டம் சேர முடியாமல் போகிறது. வகைகள் பெருகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இது முக்கியமான ஒன்று.

தோட்டத்து ஐயாவுக்கு இதைப் பால்மரத்தை வைத்தே விளக்கலாம். பால்மரத்தின் பிறந்தகம் அமேசான் காடு. அங்கே அது காட்டில் சிதறி நிற்கும் மரம். அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் அங்கேயே பெரிய ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். மரங்களை வரிசையாக நெருக்கி நட்டதும், இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குத் தாவித் தோட்டத்தையே நாசம் செய்தது. 1945இல் நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது. நம் நாட்டில் தோட்டங்கள் தழைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அந்தப் பூஞ்சை கடலைத் தாண்டி இங்கே வராததுதான்.

ஆக, தோட்டம் என்பது ஒரே வகையை எதிரியிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து நடுவது. காடு என்பது எதிரிகளோடு வாழ்வதால் ஆயிரம் வகையாகப் பிரிந்து நிற்பது. வகை பெருகும்போது ஒவ்வொரு வகைக்கும் கிடைக்கும் மரங்கள் குறைவு. ஐம்பது ஹெக்டேரில் நாலைந்து மரம் மட்டுமே உள்ள வகைகளும் உண்டு. சாலைக்காக, விடுதிக்காக ஒரு மூலையைத் திருத்தும்போது, "கொஞ்சம் காடுதானே போகிறது" என்கிறோம். அந்த மூலையோடு ஒரு வகையே போய்விடலாம்.

வெட்டினால் துளிர்க்குமா?

இப்போது ஐயாவின் கேள்விக்கு நேராக வருகிறேன். வெட்டிய காடு திரும்புமா?

சோழமண்டலக் கரையின் காயாவும் வீரையும் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கக் கூடியவை. தலைமுறை தலைமுறையாக விறகுக்கு வெட்டியும், வேர் உயிரோடிருந்து மறுபடி புதராகத் தலைதூக்கியிருக்கிறது. ஜப்பானின் உபாமெகாஷியும் அப்படித்தான். வாகாயாமா கரையில் பின்சோத்தான் என்னும் புகழ்பெற்ற கரி அதிலிருந்துதான் தயாராகிறது. எல்லாக் கிளைத்தண்டுகளையும் வெட்டாமல், முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு இளையதை விட்டுவைப்பது அங்கே பழைய முறை. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்; சில பத்து ஆண்டுகளில் மறுபடி கரிக்கு மரம் தயார்.

நம் செராயாவும் பாலாவும் அப்படியல்ல. பெரிய மரத்தை அடியோடு சாய்த்தால் பொதுவாகக் கட்டை துளிர்ப்பதில்லை. சரி, விதை இருக்கிறதே என்றால், இந்தக் குடும்பம் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காட்டில் பல வகைகளும் ஒரே நேரத்தில் பூத்துக் காய்க்கும். இடைவெளி இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம், பத்தாண்டாகவும் இருக்கலாம். இறக்கை கட்டிய அந்த விதை சுழன்று சுழன்று அழகாக இறங்கும். ஆனால் பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்கவும் முடியாது. சில வாரங்களுக்குள் முளைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும்.

அந்தக் காட்டின் சேமிப்பெல்லாம் நிழலில் முழங்கால் உயரத்தில் காத்திருக்கும் கன்றுகள்தாம். மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் வரும்வரை அவை பொறுமையாக நிற்கும். இயந்திரம் வந்து நிலத்தை மழித்துவிட்டால் மரமும் போச்சு, கன்றும் போச்சு. பிறகு பச்சை வரத்தான் செய்யும்: லாலாங் புல்லும் அக்காசியாவும். தூரத்தில் படகிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதுதான் நான் கற்றுக்கொண்ட முக்கியமான செய்தி. வகை குறைந்த காடு அடிபட்டாலும் எழுந்துகொள்கிறது. வகை நிறைந்த காடுதான் எழுந்துகொள்ளத் திணறுகிறது. நிறைய இருக்கிறது, கொஞ்சம் போனால் என்ன என்று எந்தக் காட்டைப் பார்த்து நினைக்கிறோமோ, அந்தக் காட்டில்தான் கை வைக்கக் கூடாது.

நட்டுப் பார்த்தவர்கள்

அப்படியானால் நடவே முடியாதா? முடியும். ஜப்பானியத் தாவரவியலாளர் அக்கிரா மியாவாக்கி, கோயில் காடுகளை ஆராய்ந்து, அந்தந்த மண்ணுக்குரிய பல வகை மரங்களைக் கலந்து நெருக்கமாக நடும் முறையை உருவாக்கினார். 2021இல் தம் 93ஆம் வயதில் காலமான அவர், 1990களின் தொடக்கத்தில் நம் சரவாக்கின் பிந்துலுவுக்கு வந்தார். அன்று விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், மெராந்திக் குடும்பத்து மரங்களைக் கலந்து நட்டுக் காடு வளர்க்கும் பணி நடந்தது. புதுச்சேரி அருகே 1968இல் தொடங்கிய ஆரோவில்லிலும் வெறும் செம்மண் மேட்டில் முதலில் அக்காசியா போன்ற மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு உள்ளூர் மரங்களைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் பொது. விதைக்கு எங்கே போனார்கள்? மிச்சமிருந்த பழைய காட்டுக்குத்தான்.

அந்த மிச்சம் எப்படி மிஞ்சியது என்பது இன்னொரு சுவையான செய்தி. சோழமண்டலக் கரையில் அதைக் காத்தவர் அய்யனார். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அப்படி நின்றது. ஜப்பானில் ஊர்த்தெய்வக் கோயிலைச் சுற்றிய சோலைகள் காத்தன. 1906இல் சிறு கோயில்களை ஒன்றாக இணைக்க அரசு உத்தரவிட்டபோது, கைவிடப்பட்ட கோயில்களின் மரங்களுக்குக் கோடரி வந்தது. மினாக்காத்தா குமாகுசு என்ற அறிஞர் அதை எதிர்த்து எழுதினார். 1910இல் சிறைக்கும் போனார். தானாபே வளைகுடாவில் அவர் காக்கப் போராடிய காஷிமா என்ற சின்னஞ்சிறு தீவின் காடு 1930களில் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நம் பக்கத்தில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில், சுற்றிலும் விடுதிகள் எழுந்த பிறகும் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் காடு நிற்கிறது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பீரங்கிகள் இருந்த லாப்ரடோர் குன்றின் காடு, 2002இல் இயற்கைக் காப்பகமானது. சாமி, விளக்கு, பீரங்கி என்று காரணம் எதுவானாலும், யாரோ ஒருவர் "இங்கே வெட்டாதே" என்று சொன்ன இடத்தில்தான் காடு மிஞ்சியிருக்கிறது.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை

ஐயா, அன்று நான் அவசரமாகச் சொல்லி முடித்ததை இன்று முழுதாகச் சொல்கிறேன். பால்மரத்தை மறுநடவு செய்யும்போது கன்று எங்கிருந்து வந்தது? நாற்றங்காலிலிருந்து. நல்ல கன்றுக்கு ஒட்டுக்கட்டி, பையில் வளர்த்து, லாரியில் ஏற்றி வந்தார்கள். காட்டுக்கு அப்படித் தனி நாற்றங்கால் கிடையாது. காட்டுக்கு நாற்றங்கால் காடுதான். கடைசித் துண்டையும் வெட்டிவிட்டால், நடுவதற்கு மனமும் பணமும் ஆளும் இருந்தாலும் கன்று இருக்காது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பங்கோருக்குப் போகும்போது படகில் கொஞ்சம் தலையை உயர்த்திக் குன்றின் முகட்டைப் பாருங்கள். சாம்பல் பூத்த செராயாத் தலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். லுமுட்டின் பெயர் கொண்ட ஒரு மரம் இந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். உங்கள் ஊரில் கடலோரக் காட்டைத் திருத்தும் திட்டம் ஏதும் வந்தால், "அதற்குப் பதிலாக எத்தனை மரம் நடுவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அங்கே என்னென்ன மரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள்.